வலையை விட்டு வா

தெம்பனிஸ், மூன்றாம் மாடி.
கீழே மீன்பந்து மீ, மேலே பல் மருத்துவர்,
நடுவில் எங்கள் துருவப் பிரதேசம்.
எழுத்தில் பார்த்தால் ஊர்ப்பெயருக்குள்ளேயே பனி இருக்கிறது.
வெளியே முப்பத்திரண்டு டிகிரி.

பகலில் நான் ஏர்கான் பழுதுபார்ப்பவன்.
புளோக் புளோக்காக ஏணி தூக்கிப் போய்
அடுத்தவர் படுக்கையறையில்
குளிரைக் கொஞ்சம் கூட்டித் தருகிறவன்.
இரவு பத்தரைக்கு மேல் தேசியப் பயிற்றுநர்.
பிறந்தநாள் பிள்ளைகள்
பென்குவின் பொம்மைகளைத் தள்ளி ஓய்ந்தபின்
மிஞ்சுகிற பனிதான் எங்களுக்கு,
கேக் துணுக்கோடு.

உறைதல் என்றால் குளிர்ந்து இறுகுதல்.
உறைதல் என்றால் தங்கி வாழ்தல்.
இந்த ஊரில் பனிக்கு இரண்டுமே
மின்கட்டணம் கட்டும்வரை.

ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இது கடைசிப் படி.
இதற்குக் கீழே தரை.
வந்திருந்தவர்கள் ஏரி உறைகிற நாட்டுப் பெண்கள்,
நடக்குமுன் சறுக்கியவர்கள்.
எங்கள் பக்கம்
இரவுப்பணியை யாருக்கோ மாற்றிக் கொடுத்து வந்த தாதி ஹுய் ஷான்,
தலைக்கவசத்துக்குள் தூடோங்கை இறுக்கிக் கட்டிய இஸ்ஸாத்தி,
காலையில் கணக்கியல் தேர்வு உள்ள யாழிசை.

முதல் பாகத்தில் நான்கு வாங்கினோம்.
இரண்டாவதில் ஐந்து.
அப்புறம் நான் எண்ணவில்லை,
பலகை எண்ணியது.
பதினொன்று, பூஜ்யம்.
இன்னும் இரண்டு நிமிடம்.

கோலியை வெளியே எடுத்துவிட்டு
ஆறாவதாக ஒரு தாக்குதல்காரியை இறக்குவது
ஒரு கோல் பின்தங்கியவர் ஆடும் சூது.
பதினொன்று பின்தங்கியவன் அதைச் செய்தால்
என்ன பெயர் என்று தெரியவில்லை.

கதவைச் சாத்துங்கள், குளிர் போய்விடும் என்று
வீடு வீடாகச் சொல்கிறவன் நான்.
கையைத் தூக்கினேன்.
"பெர்னிஸ்! வலையை விட்டு வா!"

எதிரணிப் பயிற்றுநர் திரும்பிப் பார்த்தார்.
சம்மேளனத்து மிஸ்டர் லோக்
கோப்பியை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார்.

மெத்தை கட்டிய கால்களை அகட்டி அகட்டி
லிஃப்டுக்குள் நுழையாத சோபாபோல வந்து
என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
முகமூடியைக் கழற்றினாள். தலையிலிருந்து ஆவி.
நான்கு வருடமாக அவள் பார்த்தது
எங்கள் முதுகுகளை,
அவர்கள் முகங்களை.

ரப்பர் வில்லை நீளமாக, அவசரமில்லாமல்,
ஆளில்லாத வலைக்குள் போய்ப் படுத்தது.
பன்னிரண்டு.
"கோச், இது என் கணக்கில் வராது."
"வராது. என் கணக்கு."
தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

திரும்ப எறிந்தார்கள்.
இப்போதும் வலை காலி.
யாழிசையின் தடி முந்தியது,
ஹுய் ஷானுக்கு,
பலகைச் சுவரில் பட்டு இஸ்ஸாத்திக்கு,
அவள் பார்க்காமலேயே பின்னால் தள்ள
மறுபடி யாழிசை.
டங்.

கம்பம்.
கீழே மீ கிண்டுகிறவருக்குக்கூடக் கேட்டிருக்கும்.
கோல் இல்லை.

பெர்னிஸ் எழுந்து நின்றிருந்தாள்,
கைத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு.
"கோச்," என்றாள்,
"நாங்கள் இப்படியா ஆடுகிறோம்?"

சைரன் ஊதியது. கை குலுக்கினோம்.
துப்புரவு வண்டி சுற்றிச் சுற்றி வந்து
எல்லாக் கீறலையும் ஒரே ஈரமாக்கியது.

மறுவாரம் சம்மேளனத்திலிருந்து படிவம்.
கோலியை விலக்கிய காரணம்: ஒரு வரியில்.
ஏணியின் நான்காம் படியில் உட்கார்ந்து,
ஃபில்டரைத் துடைத்த கையோடு,
அவளும் பார்க்கட்டும் என்று, என எழுதினேன்.
லோக்குக்குப் புரியாது. அடித்துவிட்டு
உத்தி என்று மாற்றினேன்.

அப்படியே ஓரத்தில், இடமில்லாத இடத்தில்:
வாரத்துக்கு இன்னும் ஒரு மணிநேரம்
பனி தேவை.